அடியில் ஒரு கொக்கி

விக்கிரமசிங்கபுரம்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ போனில் பேசி எட்டு நாளாகிறது. அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் என்றைக்காவது பெட்டியைக் குடையும்போது கையில் கிடைக்கும். இங்கே காலையிலிருந்து சாரல். பொதிகை மலை கண்ணுக்கே தெரியவில்லை. துணி ஒன்றும் காயப்போவதில்லை, எனக்கும் வேறு வேலை இல்லை.

"எல்லாம் புரியுது அத்தை, வாயத் தொறந்தாத்தான் ஒண்ணும் வரமாட்டேங்கு" என்றாய். முப்பது நாளில் ஆங்கிலம் என்று ஒரு புத்தகம் வாங்கியிருப்பதாகவும், நாளைக்கு இருபது வார்த்தை மனப்பாடம் செய்வதாகவும் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அப்பா, என் தம்பி, உன் வயதில் ரென் அண்ட் மார்ட்டினை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து இதே கூத்துதான் அடித்தான். ரென் என்பவர் இங்கே கல்வித் துறையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து 'போ ஜெஸ்ட்' என்று ஒரு சாகச நாவல் எழுதிப் பேர் வாங்கியவர். அந்த விறுவிறுப்பில் கால்வாசியையாவது இலக்கணப் புத்தகத்துக்கும் கொடுத்திருக்கலாம். சந்தேகம் வந்தால் திறந்து பார்க்க நல்ல புத்தகம், அதை நான் குறை சொல்லவில்லை. அதிலிருந்து ஆரம்பிப்பது, நீச்சல் படிக்க ஆற்றின் ஆழத்தைக் கணக்குப் போடுவது மாதிரி. தம்பி வினைச்சொல்லின் மூன்று வடிவங்களையும் தலைகீழாகச் சொல்வான். ஒரு வெள்ளைக்காரன் பாபநாசம் கோயிலுக்கு வழி கேட்டபோது கையைத்தான் நீட்டினான்.

உனக்கு வார்த்தை போதாமல் இல்லை. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம், மூன்று வருஷம் காலேஜ், அதற்கு மேல் கையில் ஒரு செல்போன். வார்த்தை மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதைக் கோக்கிற சட்டம்தான் கைக்கு வரவில்லை. அந்தச் சட்டங்கள் கொஞ்சம்தான். அவையேதான் திரும்பத் திரும்ப வரும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் இங்கிலீஷை வாயால் படித்தவள் இல்லை, விரலால் படித்தவள்.

1979-ல் அம்பாசமுத்திரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். மில் சங்கு ஊதி அப்பா ஷிஃப்டுக்குப் போனதும் நான் பஸ் ஏறுவேன். முதல் மாதம் முழுக்க 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று இடது கை, 'செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே' என்று வலது கை. லோயர் பரீட்சை பாஸ் செய்த கையோடு மாஸ்டர் என்னை ஷார்ட்ஹேண்டில் உட்காரவைத்தார். ஐசக் பிட்மன் 1837-ல் கண்டுபிடித்த சுருக்கெழுத்து அது. எழுத்தெல்லாம் கோடுகளும் வளைவுகளும்தான். லேசாக அழுத்தினால் 'டி', அதே கோட்டைக் கனமாக இழுத்தால் இன்னொரு 'டி'. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, அதனால் எங்களுக்கு ஆரம்பத்தில் எது லேசு, எது அழுத்தம் என்று ஒரே குழப்பம்.

மாஸ்டர் கடிகாரத்தை மேஜையில் வைத்துக்கொண்டு இந்து பேப்பர் தலையங்கத்தை வாசிப்பார். நிமிஷத்துக்கு 80 வார்த்தை. ஒவ்வொரு வார்த்தையாக எழுதினால் பிடிக்கவே முடியாது. அதனால் பிட்மன் முறையில் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி சேர்ந்து வருகிற வார்த்தைகளைக் கையைத் தூக்காமல் ஒரே இழுப்பாக எழுதிவிட வேண்டும். நாங்கள் 'ஃபிரேஸ்' என்போம். 'த' என்ற சொல்லுக்குத் தனி எழுத்தே போட வேண்டாம், முந்தின வார்த்தையின் வாலில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு போதும். 'இஃப் இட்' என்றால் 'எஃப்' வளைவைப் பாதியாக்க வேண்டும். 'இஃப் தேர்' என்றால் அதே வளைவை இரண்டு மடங்கு நீட்ட வேண்டும். 'ஹேவ்' போட்டு முனையில் ஒரு சின்னக் கொக்கி மாட்டினால் 'ஹேவ் பீன்'. 'டூ' போட்டு அடியில் கொக்கி மாட்டினால் 'டூ நாட்'.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார். மாங்காய்க்குக் கொக்கி கிடையாது. பெரிய வார்த்தைகளைப் பெரும்பாலும் முழுக்க எழுதித்தான் ஆகவேண்டும். இந்த ஃபிரேஸ்களில் எதற்குக் கொக்கி, எதற்குக் கீறல், எதற்குப் பாதி வளைவு என்று பார்த்தால் பெரும்பாலும் 'இட் இஸ்', 'தேர் இஸ்', 'ஹேவ் பீன்', 'டூ நாட்', 'இன் த', 'ஆஃப் த' என்று சில்லறைகள். அச்சடித்த இங்கிலீஷில் நூறு வார்த்தை எண்ணினால் அதில் ஐந்தாறு 'த' ஆகவே இருக்கும். எது திரும்பத் திரும்ப வரும் என்று யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, அதற்கெல்லாம் குறுக்குவழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பிட்மன் புத்தகத்தின் ஃபிரேஸ் பட்டியல்தான் நான் படித்த இங்கிலீஷ் இலக்கணம். அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கொக்கி என்றதும் ஒரு சங்கதி. உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நான் முதல்முதலில் வேலை பார்த்த ஆபீஸில், சேர்ந்து இரண்டாவது மாதம், மேனேஜர் ஒரு கடிதம் சொன்னார். எதிராளி கேட்ட விலைக்கு நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுத வேண்டும். 'வி டூ நாட் அக்ரீ.' நான் வேகத்தில் கொக்கியைப் பிஞ்சாகப் போட்டிருக்கிறேன். டைப் அடிக்க உட்காரும்போது அது கண்ணில் படவில்லை. 'வி டூ அக்ரீ' என்று அடித்துக் கையெழுத்துக்கு வைத்துவிட்டேன். அவரும் பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் போட்டுவிட்டார். நல்லவேளை, டெஸ்பாட்ச் பார்க்கிற பெரியவர் உறை ஒட்டுமுன் ஒரு தடவை படிக்கிற பழக்கம் உள்ளவர். என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இந்த 'டூ' இங்க சும்மா எதுக்கு நிக்கி?" என்றார்.

அவர் எட்டாம் வகுப்புதான். ஆனால் முப்பது வருஷம் கடிதம் பார்த்த கண். 'டூ' என்பது சும்மா வந்து நிற்காது, அது வந்தால் பக்கத்தில் ஒரு 'நாட்' இருக்கும், இல்லாவிட்டால் அது கேள்வியாக இருக்கும் என்பது அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தெரிந்ததில்லை. வெறுமே ஒத்துக்கொள்வதென்றால் 'வி அக்ரீ' என்றே வந்திருக்கும். அடித்துச் சொல்வதற்கு 'வி டூ அக்ரீ' என்பதும் உண்டுதான், ஆனால் விலைப் பேச்சில் யார் அப்படி எழுதுகிறார்கள்? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. வேலை போயிருக்கும் என்ற பயம் பாதி. மற்றப் பாதி, இத்தனை நாள் கையால் ஆயிரம் தடவை எழுதியும் அந்த 'டூ' அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று நான் கேட்டதே இல்லையே என்பது.

பாபநாசத்திலிருந்து மேலே காரையாருக்குப் போகும்போது ஃபாரஸ்ட் செக்போஸ்ட் இருக்கிறதே, அந்த வழியில் குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்ற வாசகத்தைச் சின்ன வயதில் எழுத்துக்கூட்டிப் படிப்பாய். 'டூ நாட் ஃபீட் த மங்கீஸ்.' அங்கேயும் அதே கொக்கி. 'டோன்ட் ஒர்ரி', 'ஐ டோன்ட் நோ', 'டிட்ன்ட் யு ஈட்', 'டஸ் ஹி கம்' எல்லாம் ஒரே சாதி. இங்கிலீஷில் சாதாரண வினைச்சொல்லுக்குத் தானாக மறுக்கவும் தெரியாது, கேட்கவும் தெரியாது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் 'டூ'. நாம் 'வந்தான்' என்பதன் வாலில் ஒரு 'ஆ' சேர்த்து 'வந்தானா' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை, பாவம்.

இன்டர்வியூவில் 'டிட் யு வென்ட்' என்று கேட்டுவிட்டேன் என்று வெட்கப்பட்டாயே, அது எங்கே தட்டியது என்று பார். காலத்தைச் சொல்கிற முத்திரை ஒரு வாக்கியத்தில் ஒரு தடவைதான் குத்தப்படும். 'டிட்' வந்து நின்றவுடன் முத்திரை அதன் மேல் விழுந்துவிட்டது. அப்புறம் 'கோ' மறுபடியும் வேஷம் கட்டவேண்டிய அவசியம் இல்லை. 'டிட் யு கோ', அவ்வளவுதான். 'டஸ் ஹி நோஸ்' என்று சொல்வதும் இதே கோளாறு. அந்த 'ஸ்' ஏற்கெனவே 'டஸ்'ஸில் ஏறிவிட்டது.

இப்போது உனக்கு ஒன்று காட்டுகிறேன். இதற்காகத்தான் காகிதமே எடுத்தேன். 'தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம்' என்று சொல்கிறோம். 'அவன் அப்போ தூங்கிக்கிட்டு இருந்திருக்கலாம்' என்று உன் அம்மா தினமும் உனக்கு வக்காலத்து வாங்குகிற வாக்கியம். அதைப் பிரித்து எழுது: தூங்கி, கொண்டு, இருந்து, இருக்க, லாம். இப்போது கடைசியிலிருந்து முதலுக்குப் படி. லாம், இருக்க, இருந்து, கொண்டு, தூங்கி. அதற்கு இங்கிலீஷ் என்ன? 'மே ஹேவ் பீன் ஸ்லீப்பிங்.' லாம் என்பது 'மே'. இருக்க என்பது 'ஹேவ்'. இருந்து என்பது 'பீன்'. கொண்டு என்பது 'இங்'. தூங்கி என்பது 'ஸ்லீப்'. 'இங்' மட்டும் தூக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது, மற்றபடி கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திரும்பி நிற்கிறது. முதல்முதலில் இதைப் பார்த்த அன்றைக்கு நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை ஏறுகிற ரயிலைப் பார்த்திருக்கிறாய். பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள். தமிழ் வாக்கியத்தில் எஞ்சின் பின்னால்தான். யார், எப்போது, நடந்ததா நடக்குமா எல்லாம் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொள்ளும். இங்கிலீஷில் எஞ்சின் முன்னால். 'மே', 'ஹேஸ்', 'வாஸ்', 'டிட்' என்று முதல் பெட்டியிலேயே காலத்தையும் ஆளையும் ஏற்றிவிடுவார்கள். நீ வாயைத் திறக்கும்போது என்ன நடக்கிறது தெரியுமா? தமிழ்ப் பழக்கத்தில் கடைசிவரை காத்திருக்கிறாய். எஞ்சின் வரட்டும் என்று பார்க்கிறாய். அது முன்னாலேயே போயிருக்க வேண்டும். அதனால்தான் திக்குகிறது.

வினையோடு நிற்கவில்லை இது. 'மேஜைக்கு மேல்' என்றால் 'ஆன் த டேபிள்'. 'மேல்' முன்னால் தாவிவிட்டது. 'நேத்து வந்த பையன்' என்றால் 'த பாய் ஹூ கேம் எஸ்டர்டே'. பையன் முன்னால், அவன் வந்த கதை பின்னால். 'திருநெல்வேலியில மாமா வாங்கின அல்வா' என்றால் அல்வாவை முதலில் சொல்லிவிட்டு மாமாவையும் திருநெல்வேலியையும் வரிசையாக இறக்க வேண்டும். கால்டுவெல் இடையன்குடியில் உட்கார்ந்து நம் மொழிகளை ஆராய்ந்து 1856-ல் ஒப்பிலக்கணம் வெளியிட்டாரே, சாயர்புரத்தில் போப் தமிழ் படித்தாரே, அவர்கள் நம் ஜில்லாவுக்கு வந்து இதே கண்ணாடியை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். அவர்களுக்கு எஞ்சின் பின்னால் போய் நின்றது. எத்தனை நாள் திக்கினார்களோ!

நம்ம ஊர்க்காரனுக்கு இலக்கணம் வராது என்று சொன்னால் மட்டும் எனக்குக் கோபம் வரும். மாதவச் சிவஞான முனிவர் பிறந்த ஊர்டா இது. திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயர் நன்னூலுக்கு எழுதிய உரையைத் திருத்தி விரித்தவர் அவர். தொல்காப்பியத்தில் பாயிரத்தையும் முதல் சூத்திரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கே ஒரு தனி நூல் எழுதினார், சூத்திர விருத்தி என்று. முழுக்கப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சூத்திரத்தின் முன்னால் அத்தனை நேரம் உட்காரலாம் என்பதே எனக்குப் பிடித்திருந்தது. நீயும் அப்படி உட்கார். இருபது வார்த்தையை விடு. ஒரு வாரம் முழுக்க 'ஹேவ் பீன்' மட்டும் பார்.

அடுத்தது 'இட்'. 'மழை பெய்யுது' என்று நாம் சொல்கிறோம். பெய்வது மழை. அவர்கள் 'இட் இஸ் ரெய்னிங்' என்கிறார்கள். எது பெய்கிறது? ஒன்றும் இல்லை. 'இட் இஸ் லேட்' என்றால் எது லேட்? அதற்கும் பதில் கிடையாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிற பஸ் நினைவிருக்கிறதா? வண்டி நிற்குமுன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். துண்டுக்கு உட்காரத் தெரியாது, டிக்கெட்டும் வாங்காது. ஆனால் சீட் காலியில்லை. இங்கிலீஷ் வாக்கியத்தில் முதல் சீட் காலியாக இருக்கக்கூடாது என்று ஒரு பிடிவாதம். உட்கார ஆள் இல்லாவிட்டால் 'இட்' என்று ஒரு துண்டு, அல்லது 'தேர்' என்று ஒரு துண்டு. 'தேர் இஸ் எ பிராப்ளம்' என்பதில் அந்தத் 'தேர்' எங்கேயும் சுட்டிக்காட்டவில்லை, துண்டுதான் அது. நாம் தமிழில் அந்த சீட்டைத் தாராளமாகக் காலியாக விடுவோம். 'போனேன்' என்றால் போதும், 'நான்' தேவையே இல்லை. நீ வாட்ஸ்அப்பில் 'வென்ட் தேர், வாஸ் கிளோஸ்ட்' என்று எழுதுவது அந்தப் பழக்கம்தான். சிநேகிதனுக்குச் சரி. இன்டர்வியூவில் துண்டைப் போட்டுவிடு.

சீட்டில் யார் உட்காருவது என்பதிலும் அவர்களுக்கும் நமக்கும் ஒத்துப்போகாது. நமக்குப் பசி வரும், குளிர் வரும், கோபம் வரும், ஞாபகம் வரும். 'எனக்குப் பசிக்குது', 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க'. எல்லாம் என்னை நோக்கி வருகின்றன, நான் ஒரு 'கு' போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறேன். அவர்களுக்கு அப்படி இல்லை. 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ', 'ஐ லைக்', 'ஐ ஹேவ்'. எல்லாவற்றுக்கும் 'ஐ' தான் ஓட்டுநர். வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் அதைப் பெரிய எழுத்தில்தான் போடுவார்கள், டைப் அடிக்கும்போது அந்த ஷிஃப்ட் சாவி என் சுண்டுவிரலைத் தேய்த்துவிட்டது. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வதைச் சிலர் கிண்டல் செய்வார்கள். நான் செய்யமாட்டேன். ஆனால் நீ 'ஐ ஹேவ்' என்றே சொல். தம்பிகள் நேற்று வந்து நாளைக்குப் போகிறவர்கள் இல்லையே, அதற்கு எதற்கு 'இங்'?

காலேஜிலிருந்து வந்த மெயிலை எனக்கு அனுப்பியிருந்தாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன், பழைய பழக்கம். ஒன்பது வரி. 'ஆர் இன்ஃபார்ம்ட்', 'ஆர் ரெக்வெஸ்டட்', 'வில் பி கண்டக்டட்', 'வில் பி அனவுன்ஸ்ட்', 'ஷுட் பி சப்மிட்டட்', 'வில் நாட் பி பெர்மிட்டட்'. ஆறு இடத்தில் ஒரே சட்டம். 'பி' என்ற குடும்பத்தில் ஒரு ஆள், பின்னால் வினையின் மூன்றாம் வடிவம். யார் நடத்துகிறார்கள், யார் அனுமதிக்கமாட்டார்கள் என்று ஒருவர் பெயரும் இல்லை. ஆபீஸ் இங்கிலீஷுக்கு இந்தச் சட்டம் இல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும். நானே நாற்பது வருஷத்தில் இதை எத்தனை லட்சம் தடவை அடித்திருப்பேனோ. நம் பேச்சில் 'நடத்தப்படும்', 'அறிவிக்கப்படும்' என்று யாரும் சொல்வதில்லை, பேப்பரில் மட்டும் படிக்கிறோம். அதனால் இதைப் படித்துப் புரிந்துகொள், இன்டர்வியூவில் இதையே பேசாதே. 'தி பிராஜெக்ட் வாஸ் டன் பை மீ' என்று சொல்கிற பையனைவிட 'ஐ டிட் த பிராஜெக்ட்' என்கிற பையனைத்தான் நான் வேலைக்கு எடுப்பேன். என்னை யார் கேட்டார்கள், அது வேறு.

ஆபீஸில் ஒரு கனத்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இருந்தது, ஹார்ன்பி என்பவர் தொகுத்தது. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் பக்கத்தில் 'விபி' என்று போட்டு ஒரு எண். ரொம்ப நாள் அது ஏதோ அச்சாபீஸ் குறி என்று நினைத்திருந்தேன். பிறகுதான் முன்பக்கங்களைப் புரட்டினேன். ஹார்ன்பி ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். இங்கிலீஷ் வினைச்சொற்கள் தமக்குப் பின்னால் எதை எதைக் கூப்பிட்டு வரும் என்று பார்த்து, எல்லாவற்றையும் 25 அமைப்புக்குள் அடக்கியிருந்தார். 25! நாம் ஏதோ சமுத்திரம் என்று பயந்துகொண்டிருக்கிறோம்.

ஒரு வினைச்சொல்லைப் படிக்கிறபோது அது யாரோடு வரும் என்பதையும் சேர்த்துப் படி. 'வாண்ட்' வந்தால் 'டு' வரும், 'ஐ வாண்ட் டு கோ'. 'என்ஜாய்' வந்தால் 'இங்' வரும், 'ஐ என்ஜாய் ரீடிங்'. 'டெல்' நேரே ஆளைப் பிடிக்கும், 'ஹி டோல்ட் மீ'. 'சே' என்றால் நடுவில் 'டு' வேண்டும், 'ஹி செட் டு மீ'. நமக்கு இரண்டுமே 'என்னிடம் சொன்னான்'தான், அதனால் 'டோல்ட் டு மீ' என்று வந்துவிடுகிறது. 'டிஸ்கஸ் அபவுட்' என்பதும் அப்படித்தான். 'பற்றி' என்பதை மொழிபெயர்த்து மாட்டிவிடுகிறோம். 'டாக் அபவுட்' சரியாக இருக்கும்போது 'டிஸ்கஸ் அபவுட்' ஏன் தப்பு என்று நீ கேட்டால் என்னிடம் நியாயம் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பழக்கம் என்று எடுத்துக்கொள்.

'என்று' பற்றி ஒரு வார்த்தை. 'நான் நாளைக்கு வருவேன்னு சொன்னான்' என்கிறோம். அவன் வாயில் வந்ததை அப்படியே எடுத்து வைத்து, பின்னால் 'என்று' என்று ஒரு மூடி போட்டுவிடுகிறோம். 'நான்' அவனுடைய நான், 'நாளைக்கு' அவனுடைய நாளைக்கு. இங்கிலீஷில் மூடி முன்னால் வருகிறது, 'தட்' என்று. அது வந்தவுடன் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் சொல்கிறவன் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான். 'ஹி செட் தட் ஹி வுட் கம்.' நான் என்பது அவன் ஆகிவிட்டது, 'வில்' என்பது 'வுட்' ஆகிவிட்டது. இது உடனே வராது. எனக்கு வரவே மூன்று வருஷம் ஆயிற்று, அதுவும் ஒரு மேனேஜர் கடிதத்துக்குக் கடிதம் சிவப்பு மையில் சுழித்ததால். இப்போதே இதைப் பிடித்தாக வேண்டும் என்று மல்லுக்கட்டாதே. 'ஹி செட்' என்று சொல்லிவிட்டு அவன் பேசினதை அப்படியே சொல், யாரும் தூக்கில் போடமாட்டார்கள்.

என்ன செய்யச் சொல்கிறேன் என்றால், தினமும் நாலு வரி. கிரிக்கெட் வர்ணனையோ, கம்பெனி விளம்பரமோ, பிஸ்கட் பாக்கெட் பின்னால் இருப்பதோ, எதுவானாலும் சரி. பேனாவை எடுத்துப் பெரிய வார்த்தைகளையெல்லாம் அடித்துவிடு. சின்ன வார்த்தைகள் மிஞ்சும். 'ஹேஸ் பீன் டேஷ்-இங் ஃபார்', 'இட் இஸ் டேஷ் டு', 'இஃப் யு டேஷ், யு வில்' என்று எலும்புக்கூடு நிற்கும். அந்தக் கூட்டை வைத்துக்கொண்டு உன் சங்கதியைப் போட்டுச் சத்தமாகச் சொல். 'ஐ ஹேவ் பீன் லிவிங் இன் கோயம்புத்தூர் ஃபார் த்ரீ இயர்ஸ்.' 'இட் இஸ் ஈஸி டு மேக் சாம்பார்.' பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. குளிக்கும்போது சொல், பஸ்ஸில் முணுமுணு. மாஸ்டர் எங்களை ஒரு ஃபிரேஸைப் பக்கம் பக்கமாக எழுதவைப்பார், கை யோசிக்காமல் போகிற வரைக்கும். வாயும் அப்படித்தான், அதுவும் ஒரு கைதான்.

உன் ரூம்மேட் தப்பில்லாமல் பேசுகிறான் என்றாயே, அவனிடமும் ஒரு தடவை காதைக் கொடுத்துக் கேள். என் யூகம், அவன் ஒரு பத்து சட்டத்தைத்தான் மாற்றி மாற்றிப் போடுவான். எண்ணிப் பார்த்து எனக்கு எழுது.

என் பழைய ஷார்ட்ஹேண்ட் நோட்டைப் பரணிலிருந்து எடுத்துவைத்திருக்கிறேன். கரையான் ஓரம் தின்றிருக்கிறது, மற்றபடி பென்சில் அழியவில்லை. நேற்று ஒரு பக்கத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். மேலே தேதி இல்லை. யார் சொன்ன கடிதம் என்றும் தெரியவில்லை. பாதி வரி எனக்கே வரமாட்டேங்கிறது. ஆனால் முதல் கோடு 'வி' என்று தெரிகிறது, அதோடு ஒட்டி 'ஹேவ்', அதன் முனையில் கொக்கி, ஆகவே 'வி ஹேவ் பீன்' வரை வந்துவிட்டேன். அதற்கு அடுத்த கோட்டின் கடைசியில் 'இங்'குக்கு வைக்கிற புள்ளி மங்கலாக இருக்கிறது. நடுவில் என்ன வினை என்றுதான் பிடிபடவில்லை. நீ வரும்போது ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

உன் அப்பாவிடம் வெள்ளைக்காரன் கதையை நான் சொன்னேன் என்று சொல்லாதே.

அன்புடன்,
அத்தை